பௌர்ணமி அன்று திறக்காத பக்கம்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். கணினித் திரையில் முதலில் கண்ணில் பட்டது ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: நோயாளிகளின் அட்டவணை பழுதாகிவிட்டது.

செங்கம் சாலையில் ஒரு சிறிய மருத்துவமனை. அங்கே ஓடும் மென்பொருளை எழுதியவன் நான். அன்று பிரிண்டரைப் பார்க்கத்தான் போயிருந்தேன். சற்று முன்பு மின்சாரம் போய் வந்திருந்தது.

உள்ளே கட்டிலில் கீழ்பென்னாத்தூர்ப் பெண் ஒருவர் கடும் காய்ச்சலில் கிடந்தார். முன்பு ஒருமுறை இங்கே போட்ட ஊசியில் அவருக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறியிருந்தது. எந்த மருந்து என்று யாருக்கும் நினைவில்லை. அப்போது அவரைப் பார்த்த மருத்துவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

"கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க சார், போன தபா. நானே பாத்தேன்," என்றார் அவருடைய கணவர்.

இப்போதைய மருத்துவர் என்னைப் பார்த்தார். "ரொம்ப நேரம் மருந்து போடாம வைக்க முடியாதுங்க."

இப்படிப் பழுது வந்தால் அதற்கான ஆவணப் பக்கத்தை இணையத்தில் திறப்பதுதான் என் வழக்கம். அன்று பௌர்ணமி. ஜன்னலுக்கு வெளியே சாலை நிறைய கிரிவலம் போகும் வெறுங்கால்கள் நகர்ந்தன. அத்தனை பேரிடமும் கைபேசி. என் கைபேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மருத்துவமனையின் இணையமும் கூட்டத்தில் திணறிய அதே கைபேசி டவரை நம்பித்தான் இருந்தது.

மானிட்டருக்கு அடியில், உயரத்துக்காக, ஒரு தடித்த புத்தகம். வேலை கற்ற காலத்தில் தரவுத்தளம் பற்றி நான் வாங்கி, பிறகு இங்கே விட்டுப் போனது. அதை உருவி, கடைசிப் பக்கங்களின் சொற்பட்டியலில் விரலை ஓட்டினேன். பழுது நீக்கும் கட்டளை ஒரே வரி. அது பலிக்காவிட்டால் வாலில் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னது. முதல் வரி பலிக்கவில்லை. இரண்டாவதையும் தட்டிவிட்டு, என்டரை அழுத்தாமல் நிறுத்தினேன். புத்தகம் தரவுத்தளத்தின் பழைய பதிப்புக்கு எழுதப்பட்டது. அட்டவணையும் அந்தக் காலத்தது. இப்போது ஓடும் தரவுத்தளப் பதிப்பு மட்டும் புதியது. மூன்றும் ஒத்துப்போகுமா என்று புத்தகத்தில் எங்கும் இல்லை.

வரவேற்பில் ஒரு தரைவழித் தொலைபேசி இருந்தது. சென்னையில் என்னோடு வேலை பார்த்த நண்பனை அதில் பிடித்தேன்.

"இன்னாபா, லேண்ட்லைன்ல கூப்புடற? மியூசியத்துல இருக்கியா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது; இணையத்தில் தேடினான்.

"ஒரு ஃபோரம்ல பதில் இருக்கு. அந்த வார்த்தைய சேத்துக்கோன்றாங்க. ஜாஸ்தி ஓட்டு விழுந்திருக்கு."

"எந்த வெர்ஷனுக்கு?"

"போடல."

"அப்ப வேணாம். ஒரிஜினல் பக்கத்த தொற. ஒரு வரி விடாம படி."

செய்தி வாசிப்பவரைப் போல அவன் படித்தான். கதவுக்கு அப்பால் அந்தப் பெண் இருமுவது கேட்டது. கணவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது.

"கீழ ஒரு குறிப்பு," என்றவன் வேகத்தைக் குறைத்தான். "பழைய வெர்ஷன்ல செஞ்ச டேபிளுக்கு அந்த வார்த்தைய போட்டா மொத்த டேட்டாவும் போயிடலாம்னு இருக்கு. எதுக்கும் முன்னாடி காப்பி எடுத்துக்கணுமாம். டேய், அடிச்சிட்டியா?"

"இல்ல."

அந்த வரி இன்னும் திரையில் நின்றது. யாராவது தெரியாமல் விசைப்பலகையில் கை ஊன்றினாலே போதும். கணவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

நகல் எடுத்தேன். பிறகு அந்தப் பக்கம் சொன்ன நீண்ட வழியை அவன் வாசிக்க வாசிக்கத் தட்டினேன். இரண்டு முறை பிழை வந்தது; திருத்தி மறுபடி தட்டினேன். கடைசியில் திரையில் எண்கள் மெல்ல ஏறத் தொடங்கின. மின்விசிறி ஒருமுறை தளர்ந்தபோது எல்லோரும் மேலே பார்த்தோம். அது மறுபடி வேகம் பிடித்தது.

பெண்ணின் பதிவு திறந்தது. மருத்துவர் குனிந்து, ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த மருந்துச் சீட்டில் இரண்டாவது வரியைக் கோடு போட்டு அடித்தார்.