உப்பன் வீட்டில் இருந்த நாள்

தான் விரும்பும் ஒன்றுக்கு ஒருவர் செய்யக்கூடிய ஒரே நன்மை அதன் பக்கம் போகாமல் இருப்பதுதான் என்றால், அந்த விருப்பத்துக்கு என்ன பெயர் வைப்பது? சர்க்கரை ஆலை ஊரான சான் தெல்மோவில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சில்வானோ ரிஹோவின் வாழ்க்கை பல வருடங்களாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மனைவி மிகெலினா இதை இவ்வளவு சுற்றி வளைத்துக் கேட்க மாட்டாள். வாணலியில் எண்ணெயை ஊற்றிக்கொண்டே, "கட்டிக்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன்னு நிக்கிற காதலனாட்டம் இருக்கே கிழவா" என்பாள்.

காதலி யாரென்றால், மானாத்தீஸ் என்னும் பேஸ்பால் அணி. மானாத்தீ என்றால் கடற்பசு. சர்க்கரை ஆலை ஊருக்கு ஒரு அணி வேண்டும் என்று ஆரம்பித்தவர்கள் சிங்கம், புலியெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சமிருந்ததை எடுத்தார்கள் போலும். கேலி பேசத் தலைநகரத்துக்காரர்களுக்கு இதைவிட வசதி வேண்டுமா? தோற்ற மறுநாள் லாரியை நிறுத்திவிட்டு, "என்ன மாமு, உங்க பசு நேத்தும் புல்லு மேயப் போயிருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் டயரைக் கழற்றவே விடுவார்கள். தோல்விக்கு மறுநாள் சில்வானோவிடம் காற்றடித்த டயர் கல்லைப் போல இருக்கும். ஜெயித்த மறுநாள் காற்றுக்குக் காசு வாங்க மறந்துவிடுவார். ரேடியோ இல்லாதவர்கள்கூட அவருடைய காற்றை வைத்தே ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொள்ளலாம்.

கடைக்கும் மைதானத்தின் இடப்பக்க மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து மட்டும்தான். மதிலைத் தாண்டி அடிக்கப்படும் பந்துகளில் சில நேராக அவருடைய தகரக் கூரையில் வந்து விழும். ரேடியோவில் கத்துவதற்கு முன்பே கூரை சொல்லிவிடும். அடித்தது எந்த அணி என்பதை மட்டும் ரேடியோ சொல்ல வேண்டும். அந்த இரண்டு மூன்று நொடி அவர் கையிலிருக்கும் சுத்தியல் அந்தரத்தில் நிற்பதை மிகெலினா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, அந்த மதிலுக்கு உள்ளே மட்டும் அவர் போனதில்லை.

முன்பு போய்க்கொண்டிருந்தவர்தான். ஒரு ஜனவரியில், இறுதிப் போட்டிக்குள் நுழைய ஒரே ஒரு வெற்றி தேவைப்பட்ட ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி, எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் அவுட்டானால் முடிந்தது. அந்த நேரத்தில் சில்வானோ பெஞ்சின்மேல் ஏறி நின்று பக்கத்திலிருந்தவர்களுக்கெல்லாம் கை கொடுக்க ஆரம்பித்தார். கடைசி ஆள் அவுட்டாகும் முன் கை கொடுக்கக் கூடாது என்பது அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. மூன்றாவது கையைக் குலுக்கிக்கொண்டிருக்கும்போது, கைக்குழந்தையும் பிடித்துவிடக்கூடிய ஒரு பந்து கையுறையில் பட்டுத் தெறித்துக் கீழே விழுந்தது. அதற்குப் பின் நடந்ததை ஊரில் இன்றும் முழுதாக யாரும் சொல்வதில்லை.

அந்த மூன்றாவது கை காஸ்துலோவுடையது. தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருப்பவர். சில்வானோவின் மகள் யுதெல்காவுக்கு ஞானத்தந்தை. அந்த முறையில் இருவரும் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்று கூப்பிடுவார்கள், உடன்பிறந்தவர்களைவிட நெருக்கம். அன்றைக்கு காஸ்துலோ தன் கையை விலக்கிக்கொண்டு, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "கொம்பாத்ரே, உம்மேல உப்பு பட்டுருச்சுய்யா" என்றார். உப்புப் பூத்த நிலத்தில் ஒன்றும் முளைக்காது. அங்கே ராசியில்லாதவனை அப்படித்தான் சொல்வார்கள். அதற்குப் பின் சில்வானோ போன இரண்டு ஆட்டங்களிலும் அணி தோற்றது. உப்பன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. யாரும் அவரைத் திட்டவில்லை. சீசன் தொடங்கும்போது காஸ்துலோ ஒரு புட்டி ரம்மோடு வந்து, "வீட்டுலயே இருந்து கேளு, ராசா" என்று கெஞ்சிவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

அவர் போகாத வருடங்களிலும் அணி தோற்றுக்கொண்டுதான் இருந்தது. அதற்குக் காரணம் மேலாளர், மழை, நடுவர், வெளிநாட்டிலிருந்து கூலிக்கு வந்த ஆட்டக்காரன். இவர் போனபோது தோற்றதற்குக் காரணம் இவர். இந்தக் கணக்கில் இவர் ஜெயிக்க வழியே இல்லை. குற்றமில்லை என்று நிரூபிக்க உள்ளே போக வேண்டும்; உள்ளே போவதே குற்றம். ஊர் இதை யோசித்துச் செய்யவில்லை. யோசித்துச் செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

மிகெலினாவுக்கு ஊர் சொன்னதில் வருத்தம் அதிகமில்லை. ஊர் எதையாவது சொல்லும். அவர் அதை நம்ப ஆரம்பித்ததுதான் அவளை அரித்தது. முதலில் டாமினோ மேசையில் யாருக்கும் ஜோடியாக உட்காருவதை நிறுத்தினார். பிறகு கல்யாணங்களில் தேவாலயத்துக்கு வெளியிலேயே நின்றார். பல வருடம் கழித்து ஒரு நவம்பரில் யுதெல்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. குழந்தை வீட்டுக்கு வந்த பிறகும் வாசற்படியில் நின்று பார்ப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "கையெல்லாம் டயர் கறை" என்பார். யுதெல்கா முதலில் சிரித்தாள். பிறகு ஒருநாள் அடுப்படிக்கு வந்து, "அம்மா, அப்பாவுக்கு எம் பொண்ணப் புடிக்கலையா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். கிறிஸ்துமஸ் கழிந்து ஞானஸ்நானம். அதற்கும் வெளியில்தான் நிற்பார் என்பதில் மிகெலினாவுக்குச் சந்தேகமில்லை.

அந்த வருடம் அணியோ வழக்கத்தைவிட மோசமாகத் தொடங்கியது. அக்டோபரில் வரிசையாகத் தோற்றார்கள். டயர்களெல்லாம் கல்லாயின. ஊர் வழக்கப்படி நவம்பரில் மேலாளரைத் துரத்தினார்கள். வந்த புது மனிதர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பந்து வீசுபவனைத் தன்போக்கில் வீசவிட்டார், அவ்வளவுதான். டிசம்பரில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று ஜெயிக்க ஆரம்பித்தார்கள். ஆறு அணிகளில் முதல் நான்கு அடுத்த கட்டத்துக்குப் போகும். முதல் கட்டத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை, சொந்த மைதானத்தில், தலைநகர் அணியோடு ஆட்டம். ஜெயித்தால் நான்காம் இடம், தோற்றால் வீடு. அந்த வாரம் முழுக்கச் சில்வானோ சரியாகச் சாப்பிடவில்லை. காஸ்துலோ ஒன்றுக்கு இரண்டு புட்டியாகக் கொண்டுவந்து வைத்தார்.

மிகெலினா மைதானத்தில் மூன்றாம் பேஸ் பக்கத்துப் படிவரிசைக்கு அடியில் பலகாரக் கடை போடுகிறவள். மாவைப் பெரிதாகத் தட்டி மொறுமொறுவென்று பொரிக்கும் யானிகேக்கேதான் அவள் கடையில் ஓடும். அந்த ஞாயிறு மதியம் அவள் வலது கையில் பெரிய கட்டோடு பஞ்சர் கடைக்கு வந்து நின்றாள். எண்ணெய் கொட்டிவிட்டதாம். மாவு பிசைந்து வைத்தாயிற்று. இன்றைக்கு விட்டால் இந்த வருடம் இவ்வளவு கூட்டம் வராது. பொரித்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

"யுதெல்காவக் கூப்பிடு" என்றார்.

"பச்ச ஒடம்புக்காரிய எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாடி நிக்க வைக்கச் சொல்றியா?"

அவர் மதிலைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். "நான் உள்ள வரக் கூடாதே."

"உள்ள எங்க வர்ற? அடியிலதான? ஆட்டம் மேல நடக்குது. நீ சட்டியப் பாரு, போதும்."

நீண்ட நேரம் யோசித்துவிட்டு, அடியில் என்பது உள்ளே ஆகாது என்று அவரே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். வியாபாரிகளின் வாசல் வழியாக, மாவு மூட்டையைத் தோளில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு நுழைந்தார். கடையின் பின்பக்கம் தகரத் தடுப்பு. அதற்குப் பின்னால் அடுப்பு. அவர் பொரிக்க, அவள் இடது கையால் முன்னால் எடுத்துக் கொடுத்தாள். வாங்க வந்தவர்களுக்குத் தடுப்புக்கு அப்பால் யாரோ இருமுவது மட்டும் கேட்டது.

அங்கிருந்து மைதானத்தில் ஒரு புல்கூடத் தெரியாது. ஆனால் தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான கால்கள். கொஞ்ச நேரத்தில் மிகெலினா ஒன்றைக் கவனித்தாள்: அவர் காலடிச் சத்தத்தை ரேடியோவைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். தடதடவென்று ஒரு ஓட்டம் வந்து அடங்கினால், "ரெண்டாவது பேஸ் வரைக்கும் போயிட்டான்" என்பார். ஒரே ஒரு குதி என்றால், "அவுட்." கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே கூரையைப் பார்க்கும் அந்த முகத்தில், அவள் கட்டிக்கொண்டு வந்த காலத்து ஆள் தெரிந்தார். ஏழாவது இன்னிங்ஸில் மேலே இடியே இறங்கியது. சிமெண்டுத் தூசி எண்ணெயில் உதிர்ந்தது. "ஒரு ஓட்டம் முன்னாடி போயிட்டோம்" என்றார்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் கடைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. மேலே கால்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பிறகு சத்தமே இல்லை. அவரால் படிக்க முடியாதது அது ஒன்றுதான்.

"போய்ப் பாரு" என்றாள் மிகெலினா.

"வேணாம்."

"கிழவா, அஞ்சு மணியிலேருந்து இங்கதான் நிக்கிற. ஒன்னால தோக்கணும்னா இந்நேரம் தோத்திருப்பாங்க."

அவர் கரண்டியை வைத்துவிட்டு, தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு, சரிவுப் பாதையில் ஏறினார். அவளும் பின்னால் போனாள். பாதையின் வாயில் நின்றார்கள். முன்னால் முதுகுகள், அதற்கு அப்பால் விளக்கு வெளிச்சத்தில் பச்சையாக அந்த மைதானம். இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸில் எதிரணி ஆள் ஒருவன், அவன் ஓடி வந்து சேர்ந்தால் சமம். மானாத்தீஸுக்கு ஒரு ஓட்டம்தான் முன்னிலை. அந்த நிலையில் யாரும் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை.

பந்து உயரமாகப் போனது. இடப்பக்கம், அவருடைய கடை இருக்கும் பக்கம். பிடிப்பவன் பின்னால் பின்னால் போய் மதிலில் முதுகு இடிக்க நின்றான். மிகெலினா பந்தைப் பார்க்கவில்லை. சில்வானோவின் கைகளைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் இறுக்கி வைத்திருந்தார், தப்பித் தவறி எவருக்கும் கை கொடுத்துவிடக் கூடாது என்பதைப் போல. மைதானம் அலறிய பிறகும் அவற்றை வெளியே எடுக்கவில்லை. மூச்சை மட்டும் விட்டார். அவ்வளவு நீளமான மூச்சு ஒரு மனிதருக்குள் அத்தனை வருடம் எங்கே இருந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

கீழே இறங்கிவந்து வாணலியைப் பார்த்தார். "கருகிப்போச்சு" என்றார்.

கூட்டம் கலைவதற்குள் அவர்கள் சந்து வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவே வாசலுக்கு வந்தது. முன்னால் காஸ்துலோ, ஒரு கையில் தகரப் பாத்திரம் நிறைய ஆட்டுக்கறி, மறு கையில் புட்டி. தொண்டை கட்டிப் போயிருந்தது. "கொம்பாத்ரே, இது ஒன்னோட வெற்றிய்யா! நீ மட்டும் வந்து தொலைச்சிருந்தா அந்தப் பந்து கீழதான் விழுந்திருக்கும். வீட்டுலயே இருந்த பாரு, ஒனக்குச் சிலை வைக்கணும்."

மிகெலினா வாயைத் திறந்தாள். இத்தனை வருடத்துக்கும் சேர்த்துச் சொல்ல அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதற்குள் சில்வானோ பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

"ஆமா கொம்பாத்ரே. எடத்த விட்டு அசையவே இல்ல."

பிறகு, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். காஸ்துலோவுக்கு இரண்டு முறை.

வந்தவர்களுக்குத் தட்டு வைக்க வேண்டும். ஒரு கையால் ஆகிற காரியமில்லை. மிகெலினா அவர் எதிரிலேயே கட்டை அவிழ்த்தாள். உள்ளே கையில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. சில்வானோ அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவிழ்த்த துணியை வாங்கி நான்காக மடித்து அலமாரியில் வைத்தார். கொல்லைக்குப் போய் சோப்பு போட்டுக் கழுவி, மறுபடி போட்டுக் கழுவி, நகக்கண் வரைக்கும் தேய்த்துத் துடைத்துக்கொண்டு வந்து, யுதெல்காவின் முன்னால் கையை நீட்டினார். "குடு" என்றார். குழந்தை அவர் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிற்று. ஞானஸ்நானத்தில் அவர் முதல் வரிசையில் நின்றார்.

அடுத்த கட்டத்தில் அணி மூன்றாவதாக வந்து வெளியேறியது. பெரிய ஆட்டம் என்று சொல்வதற்கில்லை, கேவலமும் இல்லை. சில்வானோ வருத்தப்பட்டார். ஆனால் டயர்களில் காற்று அளவாகவே இருந்தது.

மறு அக்டோபரில் சீசனின் முதல் ஆட்டம். மிகெலினா கட்டில்லாத இரண்டு கைகளோடு கடை வாசலில் வந்து நின்றாள். மாவு மூட்டை தயாராக இருந்தது. "வர்றியா?" என்றாள். காஸ்துலோ வழக்கமான புட்டியைக் கொடுத்துக் கெஞ்சிவிட்டு அப்போதுதான் போயிருந்தார். அன்றைக்கு மைதானத்தில் இருந்ததைச் சொன்னால் ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். சொல்லாவிட்டாலும் மூட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு போகலாம். இரண்டும் அவருக்குத் தெரியும். சில்வானோ மூட்டையைத் தூக்கி அவளோடு வியாபாரிகளின் வாசல் வரைக்கும் வந்து இறக்கி வைத்தார். "கொம்பாத்ரே நிம்மதியாப் பாக்கட்டும்" என்றார். திரும்பி நடந்து, மதிலுக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ரேடியோவைத் திருகினார்.