திருடரின் இடது குதிகால்

காவல் நாய்ப் பயிற்சிச் சங்கத்தின் விதிப்புத்தகம் பத்தொன்பதாம் பக்கத்தில் இப்படிச் சொல்கிறது: “நாயை எதிர்கொள்ளும் உதவியாளர், குற்றவாளியின் பாத்திரத்தை ஏற்பவர் ஆவார். அவர் திடகாத்திரமான உடலும், ஓங்கிய குரலும், காண்போரை அஞ்சவைக்கும் தோற்றமும் கொண்டவராக இருத்தல் வேண்டும்.”

இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத ஒருவர்தான் அந்தச் சங்கத்தில் ஐந்து வருடங்களாகக் குற்றவாளி. உயரம் ஐந்தடி மூன்றங்குலம். வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. வயிறு, பெல்ட்டின் மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் வகை. வாரத்தில் ஆறு நாள் அவர் குழந்தைகளுக்கான ஷூ கடையில் விற்பனையாளர். மண்டியிட்டு உட்கார்ந்து, பிஞ்சுக் காலில் ஷூவை மாட்டி, கட்டைவிரலால் நுனியை அழுத்தி, “இடிக்குதா கண்ணு? வலிக்குதா?” என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பது அவர் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை நாய்க்கடி வாங்குவது அவர் பொழுதுபோக்கு.

மனைவிக்குத் துணையாக மைதானத்துக்குப் போனவர், ஆள் குறைந்த ஒரு நாளில் சணல் சுற்றிய கைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். நாயை மிரட்டச் சொன்னார்கள். எதிரே நின்ற நாயைப் பார்த்து அவர் தன் முழுப் பலத்தையும் திரட்டி, “ஏய்! யாருங்க நீங்க?” என்று கத்தினார். நாய்க்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்றைக்கு விழுந்த பேர்தான் திருடர். திருடன் என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. குரல் பிற்பாடு வந்துவிட்டது. மரியாதை மட்டும் போகவில்லை.

மனைவியை எல்லோரும் டிரைவரம்மா என்பார்கள். நகரப் பேருந்து ஓட்டுபவர். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு, வளைவில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட உருளாமல் திருப்புவார். அவருடைய நாய்க்குப் பதிவேட்டில் நாலு வரி நீளத்துக்கு ஒரு பரம்பரைப் பெயர் உண்டு. வீட்டில் அது வாளி. குட்டியாக வந்த அன்று, இருந்த மெத்தையையெல்லாம் விட்டுவிட்டுக் காலி வாளிக்குள் போய்ப் படுத்துக்கொண்டதால் வந்த பெயர்.

காவல் நாய்ப் போட்டியை வெளியாட்கள் கடிக்கும் போட்டி என்று நினைப்பார்கள். கடிக்க எந்த நாய்க்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடித்ததை ஒரே சொல்லில் விடுவதற்குத்தான் பட்டம். ஒரே நாளில் மூன்று பரீட்சை: ஒருவர் நடந்துபோன தடத்தை மோப்பம் பிடித்துப் போவது ஒன்று, சொன்னபடி நடப்பது ஒன்று, காவல் ஒன்று. ஒவ்வொன்றும் நூறு மதிப்பெண். எழுபதுக்குக் குறைந்தால் அன்றைய பாடு வீண். காவலில் கடைசிக் கட்டம் நீண்ட ஓட்டம். மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து திருடர் கத்திக்கொண்டு ஓடிவர, மறு கோடியிலிருந்து நாய் பாய வேண்டும். தயங்காமல் கைக்கவசத்தைக் கவ்வ வேண்டும். திருடர் அசையாமல் நின்றதும், எஜமானர் ஒரு தடவை சொன்னால் விட்டுவிட வேண்டும். இரண்டாவது தடவை சொல்ல நேர்ந்தால் மதிப்பெண் ஒழுகும்.

மதிப்பெண் ஏட்டில் மூன்றே வரி. மூன்று முயற்சியிலும் தேறாத நாயின் ஏட்டைச் சங்கம் மூடிவிடும்.

வாளியின் ஏட்டில் இரண்டு வரி நிரம்பியிருந்தது. முதல் வரியில் தவறு டிரைவரம்மாவுடையது. தடம் வலப்பக்கம் திரும்பும் என்று நாய் சொல்ல, இடப்பக்கம் என்று இவர் கயிற்றை இழுத்தார். ஓட்டுநர் அவர்தானே! அதை அவரே சொல்லிச் சிரிப்பார். இரண்டாவது வரியை நினைத்து யாரும் சிரிக்கவில்லை. வெளிச் சங்கம், வெளித் திருடன், மலை மாதிரி ஆள். பாய்ந்து போன வாளி, அவனுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் சட்டென்று விலகி, அவனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. நடுவர் ஒலிபெருக்கியில், “துணிவு போதாது” என்றார். வீடு வந்து சேரும்வரை டிரைவரம்மா ஒவ்வொரு வளைவிலும் காரைக் குலுக்கித் திருப்பினார். பின்சீட்டில் வாளி மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம், கடை விடுமுறை நாளில், திருடர் பின்வாசல் படியில் உட்கார்ந்து மைதானத்து ஷூவைக் கழுவினார். கடைக்கு வரும் பழைய ஷூவைத் திருப்பிப் பார்த்தே, இந்தப் பிள்ளை பையை வலது தோளில் மாட்டுகிறது, இந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் காலைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். அம்மாக்கள் வாயைப் பிளப்பார்கள். ஊருக்குத்தான் உபதேசம்; தன் ஷூவை அவர் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். வலது அடி புதுசு மாதிரி இருந்தது. இடது குதிகாலின் வெளி ஓரம், கத்தியால் சீவி எடுத்ததுபோல் தேய்ந்திருந்தது.

“என்னங்க, அந்த ஷூவ அப்படி என்ன மொறைக்கிறீங்க?”

அவர் நீட்டினார். டிரைவரம்மா வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, விரலால் தடவினார். “இது பிரேக் பிடிச்ச தேய்மானம்.”

“அப்படித்தான் தோணுது.”

“எங்க பிடிக்கிறீங்க? ஓடிக் காட்டுங்க.”

சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போகும் இடைவெளியில் அவர் நாலு அடி ஓடினார். ஐந்தாவது அடியில் இடது குதிகால் தரையில் ஊன்றியது. அந்தக் கணத்தில், மூலையில் படுத்திருந்த வாளி எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டே வந்து, அவர் முழங்கையை மெதுவாகக் கவ்விக்கொண்டு நின்றது.

டிரைவரம்மா ஷூவைக் கீழே வைத்தார்.

“நாலு வருஷமா என் நாய்க்குப் பொய் சொல்லிக் கொடுத்திருக்கீங்க,” என்றார் டிரைவரம்மா.

“அவ்வளவு வேகத்துல மோதினா வலிக்குமேன்னு...”

“யாருக்கு?”

“அதுக்குத்தான். கழுத்து...”

“அது கேட்டுச்சா?”

மற்ற நாய்கள் சங்கத்தின் இன்னொரு திருடனான டயர் கடைக்காரரிடமும் பழகியவை. டிரைவரம்மாவின் வேலை நேரம் எந்தக் கணக்குக்கும் அடங்காதது என்பதால், வாளிக்கு வாய்த்த திருடர் வீட்டுத் திருடர் மட்டும்தான். திருடன் என்றால் கடைசி நொடியில் அரை அடி தளர்வான், குதிகாலை ஊன்றுவான், அப்போது கவ்வ வேண்டும். இதுதான் அது படித்த பாடம். தளராமல் வந்த அந்த மலையை அது திருடன் என்றே நினைக்கவில்லை. விபத்து என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டது. பேருந்து வந்தால் நாமும் அதைத்தான் செய்வோம்.

கோழை என்று ஏட்டில் ஏறியது நாய். ஏற வேண்டியது ஒரு நல்ல மனசு.

அடுத்த ஏழு மாதம் அந்த வீட்டில் இரக்கத்தை ஒழிக்கும் வேலை நடந்தது. ஷூவுக்குப் புது அடி போட்டார்கள். மாலையில் காலி மைதானத்தில் அவர் ஓடுவார். முழு வேகத்தில் போய், நாய் கவ்வும் அதே நொடியில் உடம்பைத் திருப்பி, அதன் வேகத்தைச் சுழற்றி வாங்க வேண்டும். அப்படிச் செய்தால் நாயின் கழுத்துக்கு நோவில்லை. சொல்ல ஒரு வரி; செய்யப் போனால் முழங்கை, முட்டி, மூக்கு எல்லாம் தரையைத் தொட்டுப் பார்த்தன. முதல் வாரம் வாளி ஒவ்வொரு தடவையும் விலகிப் போனது. பிறகு திரும்பி வந்து, விழுந்து கிடந்தவரை முகர்ந்து பார்த்தது. வாரக் கடைசியில் டிரைவரம்மா அவருடைய ஷூவைத் திருப்பி, பணிமனையில் டயர் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

“இன்னும் மிதிக்கிறீங்க.”

“கொஞ்சம்தானே.”

“பிரேக்குல கொஞ்சம்னு ஒண்ணு கிடையாதுங்க.”

ஏழாவது மாதத்தில் மூன்றுக்கு இரண்டு தடவை வாளி நேராக வந்து கவ்வியது. மூன்றாவது தடவை தப்பியது யார், தானா நாயா என்று திருடருக்கே தெரியவில்லை.

போட்டிக்குத் திருடனாக நியமிக்கப்பட்டிருந்தவர் டயர் கடைக்காரர். இரண்டு நாளுக்கு முன் லாரி டயர் ஒன்றைத் தூக்கியவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. திருடர்தான் ஓட வேண்டும் என்று செயலாளர் போன் செய்தார்.

செய்தி கேட்டு முதலில் குதித்தவன் மச்சினன். டிரைவரம்மாவின் தம்பி, ஏசி மெக்கானிக். குளிர்ச்சியான எதையும் உடனே கண்டுபிடித்துவிடுவான்.

“மாமா! இனிமே என்ன கவலை? நம்ம ஆளே திருடன். வாளி முறை வர்றப்போ லேசா ஒரு அரை அடி. பழைய மாதிரி. பட்டம் பையில!”

“எல்லா நாய்க்கும் ஒரே மாதிரி ஓடணும். அதுதான் விதி.”

“அரை அடி மாமா! நடுவருக்கே தெரியாது. யாருக்குத் தெரியப்போவுது?”

“வாளிக்குத் தெரியும்.”

“அது வெளிய சொல்லாது மாமா.”

உண்மையில் மச்சினன் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் சங்கடம். தளர்ந்தால் வாளி நிச்சயம் கவ்வும். தளராவிட்டால் மூன்றுக்கு இரண்டு. ஏட்டில் இருப்பது ஒரே வரி.

டிரைவரம்மா இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. போட்டியன்று காலை காரைக் கிளப்பும்போது மட்டும் சொன்னார்: “இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நீங்க என் புருஷன் இல்ல.”

“சாப்பாடு?”

“டப்பா பின்னாடி இருக்கு. திருடனுக்கும் பசிக்கும்ல.”

நடுவர் வெளியூர்க்காரர். நெட்டையான பெண்மணி. குடும்ப விவரத்தைச் செயலாளர் மென்று விழுங்கிச் சொன்னார். நடுவர் திருடரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

“உங்க வீட்டு நாயா? நல்லது. அப்ப உங்களுக்கும் சேர்த்து மார்க் போடுறேன்.”

பதினொரு நாய்கள். சீட்டுக் குலுக்கியதில் வாளிக்குக் கடைசி இடம். காலையில் மோப்பத்தில் தொண்ணூற்றொன்று வாங்கியது. டிரைவரம்மா கயிற்றைப் பூ மாதிரி பிடித்துக்கொண்டு, நாய் திரும்பிய பக்கமெல்லாம் வாயைத் திறக்காமல் போனார். கீழ்ப்படிதலில் எண்பத்து நான்கு. காவல் மதியம் தொடங்கியது.

திருடர் ஓடினார். முதல் நாய், இரண்டாவது நாய், மூன்றாவது நாய் என்று ஓடினார். ஐந்தாவது நாய் அவரைத் தரையோடு பெருக்கியது. எட்டாவது, கவ்வியதை விடவே மாட்டேன் என்றது. அதன் எஜமானர் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு போனார். பத்தாவது முடிந்தபோது திருடரின் சட்டை பிழிந்தெடுத்த துணியாக இருந்தது. மச்சினன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

“மாமா, நீங்க வேணும்னே தளர வேணாம். கால் தானாத் தளருது பாருங்க. நியாயமாவே.”

அதுதான் ஆபத்து. பத்து நாய்களை எதிர்கொண்ட ஐம்பது வயது ஆள் பதினோராவதில் அரை அடி தளர்ந்தால், அதைத் தப்பென்று எந்த நடுவரும் எழுத முடியாது. கண் முன்னே ஒரு யோக்கியமான பொய், நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தது. திருடர் உட்காரவில்லை. குனிந்து, இடது ஷூவின் கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். பழக்கதோஷத்தில் கட்டைவிரலால் நுனியை அழுத்திப் பார்த்தார். இடித்தது. வலித்தது. யாரும் கேட்கவில்லை.

வாளி, மைதானத்தில் திருடர் ஒளிய நட்டிருந்த ஆறு மறைவுத் தட்டிகளையும் சுற்றித் தேடி, கடைசி மறைவில் நின்றவரைக் கண்டுபிடித்தது. தொடாமல், கண்ணை எடுக்காமல் குரைத்தது. காலையில் அதன் தட்டில் சோறு வைத்தவர் அவர்தான். அதை அதுவும் காட்டிக்கொள்ளவில்லை, அவரும் காட்டிக்கொள்ளவில்லை. தொழில் என்றால் அப்படி.

பிறகு நீண்ட ஓட்டம். மறு கோடியில் டிரைவரம்மா வாளியின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவர் கையை உயர்த்தினார். திருடர், நாய்க்கு வலிக்காதபடி பஞ்சு சுற்றிய கழியை ஓங்கிக்கொண்டு கிளம்பினார். ஐந்தடி மூன்றங்குலத்திலிருந்து அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று வேலியோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“போ!” என்றார் டிரைவரம்மா.

அறுபது அடி. நாற்பது. வாளியின் காது பின்னுக்குப் படிந்திருந்தது. இருபது. இடது கால் தரைக்கு வந்தது. குதிகால் ஊன்றத் துடித்தது. ஐந்து வருடப் பழக்கம் சும்மா விடுமா? அவர் விரல் நுனியில் இறங்கி, அதே வேகத்தில் அடுத்த அடியை எடுத்து வைத்தார். எதிரே வந்த நாய்க்கு ஒரு நொடி இருந்தது. விலகுவதற்கு வேண்டிய நேரமும் இடமும் அதில் இருந்தன.

வாளி பறந்தது.

முப்பத்தைந்து கிலோவும் சணலில் வந்து இறங்கியது. வாய் கொள்ளாத கவ்வு. அவர் உடம்பைத் திருப்பி அந்த வேகத்தை ஒரு முழு வட்டமாக வாங்கினார். நாயின் பின்னங்கால்கள் காற்றில் கோலமிட்டு இறங்கின. கழி இரண்டு தடவை அதன் மேல் மெத்தென்று விழுந்தது. பிடி தளரவில்லை. அவர் நின்றார், மரம் மாதிரி.

“விடு.”

பேருந்தில் அடுத்த நிறுத்தம் சொல்லும் குரல். ஒரே தடவை. வாளி வாயைத் திறந்தது, பின்வாங்கி உட்கார்ந்தது, அவர் முகத்தையே பார்த்தது. திருடரின் கண்ணில் நீர் வந்தது. மூச்சு வாங்கியதால் என்று பிற்பாடு விளக்கம் தந்தார்.

நடுவர் ஒலிபெருக்கியை எடுத்தார். “காவல் எண்பத்தொன்பது. துணிவுக்குக் குறைக்க ஒண்ணுமே இல்ல. பட்டம் கொடுக்குறேன்.” கைதட்டல் அடங்கியபின் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “திருடருக்கும் மார்க் போடுறேன்னு சொல்லியிருந்தேன். பதினொண்ணும் ஒரே ஓட்டம். அவ்வளவுதான் எழுதியிருக்கேன்.”

மச்சினன் வேலியைத் தாண்டி வந்து கத்தினான். “கொன்னுட்டீங்க மாமா! நான் அப்பவே சொன்னேன்ல?”

“என்னடா சொன்ன?” என்றார் அக்கா.

“... நல்லா ஓடுங்கன்னு.”

ஏட்டின் மூன்றாவது வரியில் நடுவர் கையெழுத்துப் போட்டார். வாளியின் நாலு வரிப் பெயருக்குப் பின்னால் பட்டம் ஏறி, அது ஐந்து வரியானது. டிரைவரம்மா கோப்பையை வாங்கி மச்சினனிடம் கொடுத்துவிட்டு, கணவரின் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். அவர் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஷூவைத் திருப்பிப் பார்த்தார். குதிகாலில் தேய்மானம் இல்லை. நுனியில் மட்டும் புல் ஒட்டியிருந்தது.

“வாங்க, வீட்டுக்குப் போலாம்,” என்றார். “இப்ப புருஷன்தான்.”

விதிப்புத்தகத்தின் பத்தொன்பதாம் பக்கம் இன்னும் திருத்தப்படவில்லை. அன்று அந்த ஷூ கடை விற்பனையாளர் பதினொரு நாய்களை நோக்கி ஓடினார். ஒன்றுக்கும் வேகம் குறைக்கவில்லை. பதினோராவது நாய் அவருடையது.