ஒவ்வொரு வாட்டியும் சொல்லணும்

"யப்பா பெரியவரே, வணக்கம். இப்பவாவது வாயைத் தொறங்க" என்று சொல்லிவிட்டு, தரையை ஓர் உதை உதைத்து, நாற்காலியோடு அடுத்த கணினிக்கு உருண்டுபோகிறார் சாக்கெட் அக்கா. எங்கள் அலுவலகத்திலேயே நீளமான மேசை அவருடையதுதான். மூன்று கணினிகள், மூன்றிலும் வெவ்வேறு இயங்குதளங்கள். பெரியவர், நடுவுளவன், கடைக்குட்டி என்பன அவரே வைத்த பெயர்கள். ஒரு கணினி இன்னொன்றோடு பேசுவதற்கு நிரலில் திறக்கும் இணைப்புக்கு சாக்கெட் என்று பெயர். பத்தொன்பது வருடமாக அதோடு மல்லுக்கட்டுவதில் அது அவருக்கே பட்டப்பெயராகிவிட்டது.

ஒரே வேலையை மூன்று பேரிடமும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டியிருப்பதுதான் அக்காவின் தீராத வயிற்றெரிச்சல். "மத்த ரெண்டு பேருக்கும் 'மூடு'ன்னாப் போதும். பெரியவருக்கு 'சாக்கெட்டை மூடு'ன்னு முழுசாச் சொல்லணும். இல்லன்னா மூடாமலே உக்காந்திருப்பாரு!" கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாளுக்கு முப்பது தடவையாவது துடைப்பதால் அவ்வளவு பளபளப்பான கண்ணாடியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. விசைப்பலகையிலும் இதே கூத்துதான். ஒன்றில் பழகிய விசையை இன்னொன்றில் அழுத்தி, பாதி எழுதிய கடிதத்தையே மூடிவிட்டு, "ஐயோ, இவன் அவன் இல்ல!" என்று அலறுவார்.

போன வியாழக்கிழமை அந்த அலறல்கூட இல்லை. ஒரு கண் மருத்துவமனையில் டோக்கன் எண்களைச் சுவர்த்திரைகளுக்கு அனுப்பும் நிரல் எங்களுடையது. அங்கே மாடிக்கு ஒரு வகைக் கணினி. நடுவுளவன் வகைக் கணினி இருக்கும் மாடியில் மட்டும், யாராவது ஒரு திரையை அணைத்தால் நிரல் மொத்தமும் செத்துப்போனது. "நாலு மணி வரைக்கும் பாப்போம். இல்லன்னா மூணுக்கும் தனித்தனியா எழுதிடலாம். எதுக்கு வீம்பு?" என்றார் மேலாளர். எங்கும் ஓடும் ஒரே நிரல் என்பதற்காக அக்கா இரண்டு வருடம் உழைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்று மணிக்கு அவருடைய வீட்டுக்காரர் போன் செய்தார். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டாராம். "நீ இன்னிக்குச் சொல்லவே இல்லையே!" என்ற குரல் பக்கத்து மேசையிலிருந்த எனக்கே கேட்டது.

"பொண்ணுக்கு ஒரு வாட்டி சொன்னேன், இன்னிவரைக்கும் மறந்ததில்ல. உங்களுக்கு மட்டும் ஒவ்வொரு வாட்டியும் சொல்லணும்..."

அப்படியே நிறுத்தினார். கைப்பேசியை மேசைமேல் வைத்தார். அதற்குள்ளிருந்து வீட்டுக்காரர் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். எதிர்முனைத் திரை அணைந்து இணைப்பு போனபிறகும் எதையாவது அனுப்பினால், பெரியவர் பிழை என்று முனகிவிட்டுச் சும்மா இருப்பார். மற்ற இருவரும் நிரலையே கொன்றுவிடுவார்கள். கொல்லாதே என்று கடைக்குட்டிக்கு இணைப்பைத் திறக்கும்போது ஒரு தடவை சொன்னால் போதும். நடுவுளவனுக்கு ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் சொல்ல வேண்டும். எங்கள் நிரல் பதினோரு இடங்களிலிருந்து அனுப்புகிறது. அக்கா திரையில் விரல் வைத்து எண்ணினார். பத்து இடங்களில்தான் அது இருந்தது.

"ஒரு இடத்துல சொல்லாம விட்டுட்டேன்! என் தப்புதான்டா சாமி!"

தப்பு தன்னுடையது என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு மேலாளர் வந்தார். சோதனைக்காக மாட்டிய இரண்டு திரைகளிலும் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. "சரியாயிடுச்சா?" என்றார். அக்கா ரிமோட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "நீங்களே அணைங்க சார்."

அவர் அணைத்தார். ஒரு திரை இருண்டது. மற்றதில் நாற்பத்தெட்டு வந்தது. நாற்பத்தொன்பது வந்தது. ஐம்பதும் வந்தது. அக்கா திரைப் பக்கம் திரும்பவே இல்லை. கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு, மேலாளர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.