லாரிதான் என்று சொன்னால் அக்கா நம்பமாட்டார்

மறைந்தவர்களைப் பற்றி எழுதும்போது வெள்ளை மனசு, எல்லோரையும் நம்பும் குணம் என்றெல்லாம் எழுதுவார்கள். என் அக்காவைப் பற்றி அப்படி எழுதினால் மாலை போட்ட படத்துக்குள்ளிருந்தே முறைப்பார். அக்கா யாரையும் லேசில் நம்பாதவர். அதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. அவருடைய தங்கையான நான் அதைப் பெருமையாகவே எழுதுகிறேன்.

நெட்டுக்குப்பத்தில் பிறந்தவர். எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குத் தலைவாரி, பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியது அக்காதான். பிறகு திருவொற்றியூர் கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமாவுக்குப் படகுத் தொழில். அந்த நாட்களில் அக்காவும் எல்லோரையும் போல நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

சுனாமி வந்த அன்று விடியற்காலையில் கட்டில் ஆடியிருக்கிறது. பாத்திரங்கள் கடகடவென்று சத்தம் போட்டிருக்கின்றன. அக்கா எழுந்து உட்கார்ந்து, "இன்னாய்யா, தரை ஆடுது?" என்று கேட்டாராம்.

"ஒண்ணியும் இல்லமே. லாரி போவுது, படுத்துத் தூங்கு" என்றாராம் மாமா.

கன்டெய்னர் லாரி போனால் வீடு அதிர்வது எங்கள் பக்கத்தில் தினமும் நடப்பது. அக்கா நம்பிப் படுத்துவிட்டார். வெயில் ஏறியதும் மாமா படகைப் பார்க்கப் போனார். கடல் ஏறி வந்தது. மாமா திரும்பவில்லை. எங்கேயோ சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் வந்த பூகம்பத்தால்தான் கட்டில் ஆடியது என்று பிறகு ஊரே பேசியது.

அன்றிலிருந்து "ஒண்ணியும் இல்ல" என்று யார் சொன்னாலும் அக்காவுக்கு ஆகாது. கேஸ் சிலிண்டரை மோந்து பார்த்துத்தான் வாங்குவார். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தண்டையார்பேட்டையில் அவர் வீட்டுத் தெருவுக்கே போய் டீக்கடையில் விசாரித்தார். கல்யாணம் முடிந்த பிறகும் விசாரித்தார். இதைத் தட்டச்சு செய்பவரும் அந்த மாப்பிள்ளைதான். இந்த வரியை விட்டுவிடுவாரோ என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு கிடைத்த குடியிருப்பில் அக்காவுக்கு மூன்றாவது மாடி. சில வருடங்கள் கழித்து ஒரு மதியம் நான் போயிருந்தபோது வீடு ஆடியது. "லாரி" என்றேன். அக்கா ஜன்னலுக்குப் போனார். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"லாரி அல்லாம் நின்னுகினு கீது. அப்போ ஆட்றது யாரு?"

கையிலிருந்த கரண்டியாலேயே ஒவ்வொரு கதவாகத் தட்டி மொத்த பிளாக்கையும் கீழே இறக்கிவிட்டார். மறுபடியும் சுமத்ரா பக்கம்தான் பூகம்பம். ஆனால் கடல் வரவில்லை. பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டம்மா, "உன்னால என் கொழம்பு தீஞ்சிபோச்சி" என்று சண்டைக்கு வந்தார்.

"கொழம்புதானே?" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

மேலே வந்ததும் சமையலறைச் சுவரில் ஒரு விரிசலைக் கண்டார். குடியிருப்பு வாரியத்திலிருந்து வந்தவர்கள், மேல்பூச்சுதான் விட்டிருக்கிறது என்றார்கள். பூசி வெள்ளையடித்தும் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அது மறுபடி தலைகாட்டியது. அக்கா நாள்காட்டித் தாளில் சோற்றுப் பசை தடவி விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினார். சுவர் நகர்ந்தால் தாள் கிழியும், காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. தாள் நைந்தால் புதிதாக ஒட்டுவார். வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

போன வருடம் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே கேள்விதான். "காயிதம் கிழியலையே?" கிழியவில்லை என்றேன். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். வளர்த்த தங்கையையும் நம்பவில்லை. நான் போய்ப் பார்த்து, முழுசாக இருக்கிறது என்று வந்து சொன்ன பிறகுதான் கண்ணை மூடித் தூங்கினார். அந்த வாரமே எங்களை விட்டுப் போய்விட்டார். இன்றைக்கும் வீட்டில் சின்னச் சத்தம் கேட்டால் அக்காவைத்தான் தேடுகிறேன்.

வருட நினைவுக்காக வீட்டைத் துடைக்கப் போனேன். தாள் கிழிந்திருக்கிறது. எலியோ, பிள்ளைகளோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் ஒட்டிய இரண்டு ஓரமும் சுவரோடு இறுகத்தான் இருக்கின்றன. விரிசல் போகிற வழியிலேயே நடுவில் பிளந்திருக்கிறது. "ஒண்ணியும் இல்ல, காஞ்சி கிழிஞ்சிருக்கும்" என்றார் என் கணவர். அக்கா இருந்திருந்தால் எப்படிப் பார்த்திருப்பாரோ, அப்படி அவரைப் பார்த்தேன். மறுநாளே அவர்தான் வாரிய அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். இன்ஜினியர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்காவை மாடியிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்கிய பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்து உட்கார்ந்த உறவுகளுக்கும், தீய்ந்த குழம்பை மறந்து கடைசிவரை கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

படையலும் சாப்பாடும் கீழே தெருவில், சாமியானா பந்தலில். படத்தைக் கும்பிட யாரும் மாடி ஏற வேண்டாம், படத்தையே இறக்கிவிட்டோம். பிளாக்கில் குடியிருப்பவர்களுக்கு இந்த நினைவு மலரை முன்கூட்டியே கதவு தட்டிக் கொடுப்பதும் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும் என்பதற்காகத்தான். குழந்தைகள், நடக்க முடியாதவர்கள், எல்லோரையும் அழைத்து வாருங்கள். மறுபடி மேலே ஏறுவதா வேண்டாமா என்பதைக் கீழே உட்கார்ந்தே பேசுவோம். அடுப்பை அணைத்துவிட்டு இறங்குங்கள். இந்த முறை குழம்பு நாங்கள் வைத்திருக்கிறோம்.