பகலில் குறைந்த டேங்க்

சில வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதம். நான் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, கடலூர் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு மீட்டர் ரிப்பேர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஸ்பேனரு" என்று கேண்டீனில் சிரித்தவர்களுக்கும் நான்தான் மீட்டர் சரிசெய்து கொடுக்க வேண்டும்.

அங்கே சால்வென்ட் என்கிற கரைப்பான் டேங்கைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆபரேட்டர் இருந்தார். அவரும் சிதம்பரம்தான், ஒரே பஸ்ஸில்தான் போவோம், வருவோம். அதிகம் பேசமாட்டார், வம்புக்கும் போகமாட்டார். அப்படிப்பட்டவர் மேல்தான் அந்த மாதம் திருட்டுப் பழி விழுந்தது.

காலையில் அவர் பொறுப்பேற்கும்போது டேங்கில் சரக்கு இவ்வளவு என்று மீட்டர் காட்டுகிற அளவு, மத்தியானம் ஒப்படைக்கும்போது குறைந்திருந்தது. பகலில் அந்த டேங்கிலிருந்து யாரும் சரக்கு எடுப்பதில்லை, இரவில்தான் பிளாண்டுக்கு ஓடும். ஆவி ஆபத்து என்று மூடியைத் திறந்து பார்க்கவும் அனுமதி கிடையாது. மீட்டர் சொல்வதுதான் சாட்சி. சென்னையிலிருந்து வந்த சர்வீஸ்காரர் அதைக் கழற்றி ஏசி ரூமில் வைத்துச் சோதித்துவிட்டு, மீட்டர் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே ஆபரேட்டரை சஸ்பெண்ட் செய்தார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. பஸ்ஸில் கடலூர் வரைக்கும் அவர் கதைதான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மத்தியானம் டேங்குக்குக் கீழே போய் மீட்டர் எதிரே உட்கார்ந்தேன். வயரைப் பார்த்தேன், வால்வைப் பார்த்தேன், ஒன்றிலும் குறை இல்லை. மீட்டர் கை வைக்க முடியாத சூடாக இருந்ததால் ஓர் ஈரச்சாக்கை அதன்மேல் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அளவு மெல்ல ஏற ஆரம்பித்தது. டேங்கில் ஒரு சொட்டு விழவில்லை, மீட்டரில் மட்டும் ஏறுகிறது.

இந்த வகை மீட்டர் மூச்சுவிட ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கும். அது அடைபட்டால் உள்ளே மாட்டிய காற்று வெயிலில் விரிந்து அளவைக் குறைத்துக் காட்டும், ராத்திரி குளிர்ந்ததும் கூட்டிக் காட்டும். குறைந்ததைக் கேட்டார்கள். கூடினதை யார் கேட்கப்போகிறார்கள்? துளையைத் தேடினேன். அந்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட்டும், நடுவில் சிவப்பாகப் பொட்டும் இருந்தன.

ஆயுத பூஜைக்கு மீட்டர்களுக்கெல்லாம் பொட்டு வைப்பது அந்த ஆபரேட்டர்தான். சந்தனம் மழையில் கரைந்துவிடுகிறதே என்று முந்தின பூஜைக்குப் பெயிண்ட்டிலேயே வைத்திருந்தார். அழகாக இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். மற்ற மீட்டர்களில் பொட்டு மூடிமேல் விழுந்ததால் ஒன்றும் ஆகவில்லை, இதில் மட்டும் துளை மேல் விழுந்திருக்கிறது. மழை, பனி மாதங்களில் தெரியாத அடைப்பு பங்குனி வெயிலில்தான் வெளியே தெரிந்தது.

பிளேடால் சுரண்டி எடுத்தேன். அதன்பிறகு பகலில் அளவு நகரவே இல்லை. அதைக் காட்டியதும் மேனேஜர், "சரி, அவரை வரச் சொல்லும்மா" என்றார். மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை.

சாயங்காலம் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். "வெளியவே போறதில்லம்மா. கடைக்குக்கூட நான்தான் போறேன்" என்றார் அவர் மனைவி. மீட்டர்தான் கோளாறு என்று நான் சொன்னதும், கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் முகத்தில் உயிர் வந்தது.

"எதனாலம்மா ஆச்சு?"

தூசி என்று சொல்லியிருக்கலாம். பொய் வாயில் வரவில்லை. "மூச்சுத் தொளைய பெயிண்ட் அடைச்சிருச்சுண்ணே."

"எந்த பெயிண்ட்டு?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. "நான் வச்ச பொட்டா?" என்று கேட்டவர் எழுந்து உள்ளே போனார். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். ஆபரேட்டர் திரும்ப வரவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்தார், ஓய்வு பெறும்வரை வந்தார். ஆனால் ஒரு மீட்டரையும் தொடமாட்டார். தூசி படிந்திருந்தால்கூட, "நீயே வந்து தொடச்சிட்டுப் போம்மா, எனக்கு பயமா இருக்கு" என்று எனக்குப் போன் செய்வார். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது நான் சொன்ன உண்மைதான் என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அவர் மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்பது அதைவிட உறுத்துகிறது.