ஊர்வலத்தில் சிக்கிய கேரவன்

ஓய்வு பெற்ற முதல் வருடத்திலேயே டெல்மர் டாட்லாக் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாமான்களை எல்லாம் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார். சமையலறைக் குழாயைக் கழற்றினார். வாசல் மணியைப் பிரித்து மாட்டினார். அதன்பிறகு யார் மணியை அழுத்தினாலும் கார் ஷெட்டின் கதவு திறந்தது. ஆர்கன்சா மலைப்பாதைகளில் காலமெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய கை அது. சும்மா இருக்கத் தெரியாது.

அவர் மனைவி நெல்டா அதே மாவட்டத்தில் அவசர உதவி மையத்தில் போன் எடுத்தவர். மறுமுனையில் வீடு பற்றி எரிகிறது என்று ஒருவர் அலறினாலும், காய்கறி விலை கேட்கிற குரலில் "எந்தத் தெருங்க?" என்று கேட்பார். டெல்மர் ஸ்க்ரூடிரைவரோடு வாஷிங் மெஷினைச் சுற்றிவந்த அன்று நெல்டா ஒரு முடிவுக்கு வந்தார்.

"வடக்கு டகோட்டாவுல பீட்ரூட் அறுவடைக்கு ஆள் எடுக்கறாங்களாம். கேரவனோட வந்தா நிறுத்த இடமும் தராங்களாம். கெளம்பறோம்."

"பீட்ரூட்டா? எனக்கு அது தொண்டையிலயே எறங்காதே."

"உன்னத் திங்கவா சொன்னேன்? இது சர்க்கரை காய்ச்சற பீட்ரூட். லாரி லாரியா வரும், குவிக்கணும். அவ்வளவுதான்."

இப்படித்தான் அவர்கள் எங்கள் பக்கத்து இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நானும் என் கணவரும் வருடா வருடம் அந்த அறுவடைக்குப் போகிறவர்கள். வழியில் நடந்ததை டெல்மர் சொல்லியும் கேட்டேன், நெல்டா சொல்லியும் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் நெல்டாவை நம்பியிருக்கிறேன்.

கேரவன் பழையது, ஒரு சின்ன வீட்டின் நீளம். அதன் ஸ்டியரிங்கை டெல்மர் யாரையும் தொடவிடவில்லை. அயோவா வரைக்கும் அவருக்கு ஒரே எதிரி போனில் வழி சொல்கிற பெண்குரல்தான்.

"வலப்பக்கமாம்! இவ என்னிக்காவது பஸ் ஓட்டியிருக்காளா?"

இடப்பக்கம் திருப்பினார். பாதை ஒரு சோளக்காட்டுக்குள் போய் முடிந்தது. எதிரே வீடு மாதிரி ஓர் அறுவடை இயந்திரம் நின்றது. அதை ஓட்டியவர் இறங்கிவந்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். டெல்மர் அவ்வளவு தூரமும் ஒரு சோளத்தட்டைகூடச் சாயாமல் பின்பக்கமாகவே வண்டியை எடுத்துவந்தார்.

"பாத்தியா கைய?"

"பாத்தேன். அவ சொன்ன பக்கம் திரும்பியிருந்தா இதப் பாக்கற பாக்கியம் எனக்குக் கெடச்சிருக்காது."

தெற்கு டகோட்டாவில் ஒரு கேரவன் நிறுத்தத்தில் விபத்து நடந்தது. கழிவுத் தொட்டியின் குழாயைக் கழற்றக் குனிந்த டெல்மர் அப்படியே நின்றுவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது. பக்கத்து வண்டிக்காரர் ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று நினைத்து, ஓடிவந்து தானும் குனிந்து புல்லை விலக்கினார்.

"என்னத்தத் தேடறோம்?"

"என் முதுக."

அவரும் நெல்டாவுமாகச் சேர்ந்து டெல்மரை உள்ளே கொண்டுபோய்ப் பின்கட்டிலில் ஒருக்களித்துக் கிடத்தினார்கள். வேலைக்குப் போய்ச் சேர வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. நெல்டா சாவியை எடுத்தார்.

"ரெண்டு நாள் இங்கயே இருந்துட்டுப் போலாம்" என்றார் டெல்மர்.

"ரெண்டு நாள் உன்னோட முனகலக் கேக்கறதுக்கு நானே ஓட்டிடுவேன்."

கேரவன் நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்டியரிங்குக்கு மேலே மாட்டியிருந்த போன் அடித்தது. நெல்டா பழைய வேலைக் குரலில் பேசினார்.

"அவசர உதவி மையம். உங்க பிரச்னை என்னங்க?"

"நெல்டா, எடதுபக்கக் கண்ணாடியப் பாரு! கோட்டத் தாண்டறே!"

"சார், நீங்க எங்கேர்ந்து பேசறீங்க?"

"ஒனக்குப் பின்னாடி, கட்டில்லேர்ந்து!"

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது."

"அப்போ லைன வைங்க சார். நெஜமாவே ஆபத்துல இருக்கறவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

மத்தியானம் வலிக்குப் பிளாஸ்திரி வாங்கலாம் என்று நெல்டா ஹால்வெக் என்ற சிற்றூருக்குள் நுழைந்தார். அங்கே பள்ளிக்கூடத்தின் ஆண்டு ஊர்வலம். தெருமுனையில் நின்ற போலீஸ்காரர் கேரவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உள்ளே வா என்று இரண்டு கைகளாலும் வீசி அழைத்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கத்தின் அலங்கார வண்டி இன்னும் வரவில்லை என்ற கவலையில் இருந்தார் அவர். சீருடைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நெல்டா திரும்பினார். திரும்பிய பிறகு, முன்னால் பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியம், பின்னால் தீயணைப்பு வண்டி. இரண்டு ஓரத்திலும் மடக்கு நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது.

போன் அடித்தது.

"நெல்டா, அது என்ன ட்ரம் சத்தம்?"

"ரேடியோ."

"ரேடியோ ஏன் ஜன்னல் வழியா கேக்குது?"

"படு."

குழந்தைகள் பைகளை விரித்துக்கொண்டு வண்டியோடு ஓடிவந்தார்கள். ஊர்வலத்தில் வருகிறவர்கள் மிட்டாய் எறிய வேண்டும். அது தெரிந்தும் வெறுங்கையோடு போக நெல்டாவுக்கு மனம் வரவில்லை. டெல்மர் வழிக்கு வைத்திருந்த பட்டர் மிட்டாயை அள்ளி வீசினார். தீர்ந்துபோனது. இருமல் மிட்டாயை வீசினார். அதுவும் தீர்ந்தபின், ஹோட்டலில் எடுத்து வைத்திருந்த தக்காளி சாஸ் பொட்டலங்கள் பறந்தன. ஒரு சிறுமி அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு உருளைக்கிழங்கு வறுவல் எங்கே?" என்று கேட்டாள்.

பின்னால் படுத்திருந்தவருக்குப் பொறுக்கவில்லை. நீளக்கை உள்பனியனும் அதற்கேற்ற முழுக்கால் உள்ளாடையுமாக ஊர்ந்துபோய்ப் பின்ஜன்னல் திரையை விலக்கினார். தீயணைப்பு வண்டி நிறைய மனிதர்கள் அவரைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் கையை ஆட்டினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. சந்தோஷத்தில் தீயணைப்பு ஓட்டுநர் சைரனை அலறவிட்டார். துள்ளிய டெல்மர், மேலே இருந்த அலமாரியில் தலையை இடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்; எழுந்திருக்க முடியவில்லை.

போன் அடித்தது. இந்த முறை நெல்டா வேடிக்கை பேசவில்லை. டெல்மரின் குரலிலேயே நிஜமான வலி என்று தெரிந்துவிட்டது அவருக்கு.

"கண்ணு, அசையாதே. தலை சுத்துதா? என் பேரச் சொல்லு."

"நெல்டா. பிடிவாதக்காரி."

"சரி, நெனவு நல்லாத்தான் இருக்கு."

ஊர்வலம் பள்ளி மைதானத்தில் நின்றதும் நெல்டா இறங்கி ஓடி, தீயணைப்புக்காரர்களை அழைத்துவந்தார். அவர்கள் டெல்மரை ஸ்ட்ரெச்சரில் கட்டி, உள்ளாடைக் கோலத்திலேயே படியிறக்கினார்கள். நாடகம் என்று நினைத்த ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. ஊர் மருத்துவர் ஓர் ஊசி போட்டு, வெறும் சதைப்பிடிப்புதான் என்றார். அதற்குள் நடுவர்கள் கேரவனுக்கு இரண்டாம் பரிசை அறிவித்துவிட்டார்கள்.

"நாங்க அந்த வாத்தியாருங்க இல்லீங்க" என்றார் நெல்டா, மெய்யான சங்கடத்தோடு.

போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "தெரியும்மா. அவங்க வழக்கம்போல ஊர்வலம் நாளைக்குத்தான்னு நெனச்சிட்டாங்க. நீங்க வாங்கிக்கோங்க."

பரிசு ஒரு பூசணிக்காய். அதைத் தூக்கி வைக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அவர்கள் வந்து சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் அதன் சூப்பைக் குடித்தோம், அதன் ரொட்டியைத் தின்றோம்.

மிச்ச தூரம் முழுவதும் நெல்டாதான் ஓட்டினார். போன் அடிக்கவே இல்லை என்பதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்று என்னிடம் சொன்னார். சாலையோரம் நிறுத்திப் பின்னால் போய்ப் பார்த்தால், டெல்மர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நெல்டா ஓட்டும்போது அவர் தூங்கியது அதுவே முதல்தடவை. நெல்டா அவருக்குப் போர்த்திவிட்டு வந்து ஓட்டினாராம்.

வேலையிடத்தில் மேற்பார்வை செய்த சொல்வேய்க் என்ற பெண் டெல்மரின் நடையைப் பார்த்தாள்; வருகிற லாரிகளுக்கு எடைச்சீட்டுக் கொடுக்கும் சிறு அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். பீட்ரூட்டைக் குவிக்கிற ராட்சத இயந்திரத்தின் நெம்புகோல்களை நெல்டாவிடம் கொடுத்தாள். மனைவி இயந்திரம் ஓட்ட, தான் நாற்காலியில் இருந்த வருத்தத்தில் டெல்மருக்கு முதல் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் லாரிகள் கோணலாகப் பின்வாங்குவதைப் பார்த்து ஜன்னல் வழியாகக் கத்த ஆரம்பித்தார்.

"ஏய் சிவப்பு லாரி! பின்னாடி கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு, தலை சீவவா?"

ஓட்டுநர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு அவர் கத்தாவிட்டால், "என்ன தாத்தா, ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள்.

அறுவடை முடிந்து கிளம்புகிற காலையில் டெல்மரின் முதுகு தேறியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் வழியனுப்ப நின்றோம். வண்டி நகர்ந்ததும் கத்தினோம். அவரும் சந்தோஷமாகக் கையாட்டினார். வண்டியில் மாட்டியிருந்த தண்ணீர்க் குழாயை இன்னும் கழற்றவில்லை என்பதைத்தான் கத்தினோம். குழாய் இழுபட்டு இழுபட்டுப் பிய்த்துக்கொண்டு, கொடியில் உலர்ந்திருந்த என் துணியெல்லாம் மறுபடி நனைந்தது.

நெல்டா இறங்கினார். தண்ணீரை அடைத்தார், குழாயைச் சுருட்டினார், என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஓட்டுநர் பக்கத்துக் கதவருகே போய் நின்றார்.

டெல்மர் ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டார்.

"முதுகு திரும்பவும் லேசா வலிக்கற மாதிரி இருக்கு" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது. தள்ளி ஒக்காரு."

தள்ளி உட்கார்ந்தார். அவர்கள் போனபின் நான் துணியைப் பிழிந்து மறுபடி காயப்போட்டேன்.