அண்ணிக்குக் கண் திறந்த கதை

என் வீட்டில் இரண்டு தோசைக்கல் உண்டு. ஒன்றில் தோசை வார்ப்பேன். மற்றது பின்பக்க அறையில் சின்ன மின்சார அடுப்பின் மேல் இருக்கும். அதன் மேல் ஸ்டீல் கிண்ணங்களை வைத்து மெழுகு உருக்குவேன். குடும்பப் புகைப்படங்களைப் பலகையில் ஒட்டி, அவற்றின் மேல் தேன்மெழுகை ஒவ்வொரு பூச்சாகப் பூசிப் படம் செய்வதுதான் என் வேலை. வேலை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். என் கணவரின் அக்கா அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மெழுகுவர்த்தி கம்பெனி'.

அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அண்ணியும் அவர் கணவரும் நிலத்தில் ஒரு பகுதியை விற்று வேன்கள் வாங்கி, மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறார்கள். வேன்களை டிரைவர்கள் ஓட்டுகிறார்கள். டிரைவர்களை அண்ணி ஓட்டுகிறார். நான் திருச்சிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கல்யாணமான புதிதில் அவர் பேசும் வேகத்துக்குப் பாதி புரியாது, புரிந்த பாதி பயமாக இருக்கும். இப்போது நாங்கள் இருப்பது கேளம்பாக்கத்தில், ஒரு ஃப்ளாட்டில். ஒருமுறை வந்திருந்தபோது, எனக்கு உதவி செய்கிறேன் என்று பின்னறைத் தோசைக்கல்லை எடுத்துக் கழுவி அதில் தோசை ஊற்றிவிட்டார். தோசை கல்லில் ஒட்டாமலேயே வழுக்கி வழுக்கி ஓடியது. "இன்னாம்மா கல்லு இது, எண்ணெயே வோணாம் போலகீதே" என்று பாராட்டினார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கையிலிருந்ததையும் தின்று முடித்தார்.

மெழுகு மட்டும் போட்டால் நம் ஊர் வெயிலுக்கு இளகிவிடும். நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியப் பிசின் வாங்கிப் பொடித்து, மெழுகோடு சேர்த்து உருக்கினால்தான் இறுகும். அதை உருக்கும்போது சாம்பிராணி போட்ட மாதிரி வீடெங்கும் மணக்கும். எதிர் ஃப்ளாட்டு அம்மா பல மாதம் என்னைப் பெரிய பக்தை என்று நம்பிக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை. அந்த மரியாதையில் அவர் வீட்டிலிருந்து சுண்டல் வந்துகொண்டிருந்தது.

அண்ணியின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய இடது கண் கொஞ்சம் வெளிப்பக்கமாக ஒதுங்கி நிற்கும். களைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கும். டிரைவர்களை வரிசையாக நிறுத்தித் திட்டும்போது யாரைப் பார்த்துத் திட்டுகிறார் என்று தெரியாததால் எல்லாருமே ஒழுங்காகிவிடுவார்கள். வீட்டிலும் அப்படித்தான். மகனை அதட்டினால் மகளும் சேர்ந்து புத்தகத்தை எடுப்பாள். ஒரு கண்ணால் அடுப்பையும் ஒரு கண்ணால் வாசலையும் பார்ப்பவர் என்று அவர் கணவரே கேலி செய்வார். அண்ணியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அதனால் அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

இன்னொரு கேலியும் உண்டு. எந்தப் புகைப்படத்திலும் அண்ணியின் கண் மூடியிருக்கும். கல்யாணப் படம், காதுகுத்துப் படம், வேனுக்குப் பூஜை போட்ட படம், எல்லாவற்றிலும் மூடிய கண். "அக்கா கண்ணைத் திறக்கிறதுக்குள்ள கேமராவே தூங்கிடும்" என்பார் என் கணவர். சரியாகப் பொத்தானை அழுத்தும் நேரம் பார்த்து இமைக்கிற ராசி என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தோம்.

அண்ணியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு கூடுவாஞ்சேரியில் குடித்தனம். ஒரு சனிக்கிழமை காலை ஒரு புகைப்படத்தோடு வந்து நின்றாள். மாமல்லபுரம் கடற்கரையில் என் கணவர் எடுத்த படம். அவளுக்கு மூன்று வயது இருக்கும். அண்ணியின் இடது இடுப்பில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே அண்ணாந்து பார்க்கிறாள். அண்ணி கேமராவை நோக்கி நிமிர்ந்து நிற்கிறார். முந்தானை காற்றில் பறக்கிறது. கண் மட்டும் வழக்கம்போல மூடியிருக்கிறது.

"அத்தை, இத மெழுகுல செஞ்சு குடுங்க. என் வூட்டு ஹால்ல மாட்டணும்" என்றாள். பிறகு தயங்கிக்கொண்டே சொன்னாள். "அம்மா கண்ண மட்டும் தொறந்து வெச்சு போட முடியுமா? அவங்க கண்ணு எப்டியோ அப்டியே. என் கைல அவங்க போட்டோ எத்தினி கீது, ஒண்ணுத்துல கூட அவங்க கண்ணு இல்ல."

முடியும் என்றேன். அந்தப் பெண் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் கட்டிக்கொண்டால் நான் எதற்கும் முடியும் என்றுதான் சொல்வேன்.

அடுத்த வாரம் அண்ணி வந்தார், தனியாக. தன்னுடைய வேன் ஒன்றில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்து, டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு மேலே ஏறி வந்தார். பலகையில் படத்தின் பிரதியை ஒட்டி முதல் பூச்சு பூசியிருந்தேன். கடற்கரை மணலைச் சலித்து மெழுகில் தூவியிருந்தேன். படத்தில் அவர் கட்டியிருந்த அதே புடவை கிழிந்து அவர் வீட்டில் துடைக்கிற துணியாகக் கிடந்தது. அதன் கரையில் ஒரு துண்டை மகள் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அதையும் பதித்திருந்தேன். அண்ணி கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இது தரை தொடைக்கிற துணியாச்சே, இதுக்கு வந்த வாழ்வப் பாரு" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எம்பொண்ணு கண்ணு தொறக்கச் சொன்னாளாமே."

"ஆமா அண்ணி."

"தொற. ஆனா நேரா தொற. ரெண்டு கண்ணும் நேரா பாக்கணும். புரிதா?"

எனக்குப் புரிந்தது. அவரே மேற்கொண்டு பேசினார். அப்படி மெதுவாக அவர் பேசி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"மாப்ள வூட்டுக்குக் குடுக்க எனக்கு போட்டோ எடுத்தாங்க. ஸ்டுடியோல எங்கம்மா கூடவே நின்னுகினு 'கண்ணு தெரியக் கூடாது, கண்ணு தெரியக் கூடாது'ன்னு அவன்கிட்ட சொல்லிகினே இருந்துச்சு. அவன் 'கீழ பாரும்மா'ன்னான். கீழ பாத்தாலும் சரியா வரலியாம். 'சரி, மூடிக்க'ன்னுட்டான். மூடிக்கினேன். அத்தோட பழக்கமா பூட்ச்சு. கேமராவத் தூக்குனாலே தன்னால மூடிக்கும்."

ராசி என்று நாங்கள் சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த ஸ்டுடியோக்காரன் அப்போது எதிரில் வந்திருந்தால் சூடான மெழுகுக் கிண்ணத்தோடு வரவேற்றிருப்பேன். அவ்வளவு ஆத்திரம்.

"நீங்க இத யார்கிட்டயும் சொன்னதே இல்லையே அண்ணி."

"சொல்லி இன்னா ஆவப்போது? இப்போ எதுக்கு சொல்றன்னா, கூடுவாஞ்சேரில மாப்ள வூட்டு ஆளுங்க வருவாங்க, போவாங்க. நான் செவுத்துல மாட்டிகினு இருப்பேன். எம்பொண்ணு வூட்டுக்கு வர்றவங்கள நான் நேரா பாக்கணும். எவனும் என்னப் பாத்துட்டு, இவளுக்கும் அப்டித்தானோன்னு அவளப் பாக்கக் கூடாது." எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். "மாமல்லபுரத்துல சிலை செய்றவன் எல்லாத்தையும் செஞ்சிட்டு கடைசிலதான் கண்ணு தொறக்கிறான். கோணலாவா தொறப்பான்? நீயும் நேரா தொற."

டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் கீழே இறங்கிப் போய்விட்டார்.

மகளுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று, அம்மா கேட்டது வேறு. இரண்டும் ஒரே பலகையில் நடக்காது. என் கணவரிடம் சொன்னேன். அணு ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய பெரிய கணக்கெல்லாம் போடுகிறவர். "ஆளுக்கு ஒண்ணு செஞ்சு குடுத்துடேன்" என்றார். இது ஜெராக்ஸ் கடை இல்லை என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அக்காவின் ஸ்டுடியோ கதையைச் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்ததையும் நான் பார்த்தேன்.

முதலில் அண்ணி சொன்னபடியே செய்தேன். அவர் ஆசை, அவர் கண், அவர் முகம். மற்றவர்கள் அதில் பேச என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. மூடிய இமைகளுக்கு மேல் தோல் நிறம் கலந்த மெழுகு பூசி, சூட்டுக் காற்றால் அதைக் கீழ்ப்பூச்சோடு இளக்கிச் சேர்த்து, ஆறிய பிறகு ஊசியால் கண்ணின் கோட்டைக் கீறி, கோட்டுக்குள் எண்ணெய்ச் சாயத்தைத் தேய்த்தேன். இரண்டு கண்ணும் நேராக, அழகாகத் திறந்தன. தள்ளி நின்று பார்த்தேன். யாரோ ஒரு பெண்மணி. நல்ல பெண்மணிதான், வங்கியில் கையெழுத்து சரியில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி ஒரு முகம். அவர் இடுப்பில் இருக்கிற குழந்தை அவரை ஏன் அப்படி ஆசையாகப் பார்க்கிறது என்றே விளங்கவில்லை.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம், தப்பு நிலைத்து நிற்காது. மேல்பூச்சைச் சுரண்டினால் கீழே இருப்பது அப்படியே இருக்கும். தட்டையான கத்தியை எடுத்து மெதுவாகச் சுரண்டினேன். சுருள் சுருளாக மெழுகு வந்தது. மூடிய இமைகள் திரும்பத் தெரிந்தன. மறுபடி பூசி, அண்ணியை மனதில் நிறுத்திக்கொண்டு கீறினேன். வலது கண் நேராக. இடது கண் அவருக்கு எப்படியோ அப்படி, வெளிப்பக்கமாக. சாயத்தைத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்து எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

வலது கண் கேமராவைப் பார்த்தது. இடது கண் குழந்தையைப் பார்த்தது.

நான் அதைத் திட்டமிடவில்லை. குழந்தை இருப்பது இடது இடுப்பில். கண் ஒதுங்குவது இடது பக்கம். அண்ணாந்து பார்க்கிற குழந்தையின் முகத்தில் அந்தப் பார்வை போய்ச் சரியாக விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். யாரும் இல்லாத வீட்டில் அழுவதற்கு என்ன கூச்சம்.

அழுது முடித்ததும் பயம் வந்தது. அண்ணி கேட்டது இது இல்லை. வாய் திறந்து தனக்கென்று ஒன்றுமே கேட்காதவர் கேட்ட ஒன்று. எனக்கு அழகாகப் பட்டது என்பதற்காக அவர் வாழ்நாளெல்லாம் மூடி வைத்ததை எடுத்து ஊர் பார்க்கச் சுவரில் மாட்ட எனக்கு என்ன உரிமை? வேண்டாம் என்று அவர் சொன்னால் அவர் முன்னாலேயே சுரண்டிவிடுவது என்று முடிவு செய்தேன். போன் செய்து வரச் சொன்னேன்.

கல்யாணப் பட்டு எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அம்மாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தேன். மகள்தான் முதலில் பார்த்தாள். கையிலிருந்த புடவைப் பையைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அண்ணி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். பார்த்தார். முகம் இறுகியது.

"நேரா போடச் சொன்னேன்ல" என்றார் என்னிடம்.

மகள் திரும்பினாள். "இன்னாத்த நேரா போடச் சொன்ன?"

"நீ சும்மா இரு."

"நான்தாம்மா இப்டி போடச் சொன்னேன். உன் கண்ணு எப்டியோ அப்டியே வோணும்னு."

"நீ சொன்னியா? உனுக்கு எதுக்குடி இந்தக் கண்ணு?"

மகளுக்கு உதடு கோணிக்கொண்டது. நான் கத்தியை எடுத்து அண்ணியின் கையில் கொடுத்தேன்.

"அண்ணி, இது மேல்பூச்சுதான். நீங்க வேண்டாம்னா இப்பவே சுரண்டிடலாம். நேரான கண்ணு போட்டுத் தர்றேன், சத்தியமா. உங்க முகம், நீங்க சொல்றதுதான்."

அண்ணி கத்தியைக் கையில் பிடித்தபடி பலகைக்கு மிகக் கிட்டே குனிந்தார். அவர் விரல் அந்த இடது கண்ணின் மேல் போய், அங்கிருந்து மெழுகைத் தொடாமலே காற்றில் ஒரு கோடு போட்டது. கோடு குழந்தையின் முகத்தில் போய் நின்றது. மறுபடியும் கண்ணிலிருந்து தொடங்கி அதே கோட்டைப் போட்டார். மறுபடியும் அங்கேதான் வந்து நின்றது.

"இந்தக் கண்ணு உன்னப் பாக்குது" என்றார் மகளிடம்.

"ஆமாம்மா."

அண்ணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அதற்கு அவசியம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"அன்னிக்கும் அங்கதான் பாத்துகினு இருந்திருக்கும்" என்றார். "மூடிகினு இருந்ததால எவனுக்கும் தெரில."

கத்தியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். மகள் அவருக்கு வலப்பக்கம் நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்து, இடப்பக்கம் நிறுத்திக்கொண்டார்.